இடம் கொடுத்த சங்கீதம்



ஆகமன காலம் பிறந்துவிட்டது. பீடத்தில் ஊதா வஸ்திரம் விரித்தாகிவிட்டது. கோவில் முகப்பில் நட்சத்திர விளக்கு ஏறிவிட்டது. சாயந்தரம் செபமாலை முடிந்ததும் பாடற்குழுவினர் கூடி, நடுச்சாமப் பூசைக்குரிய பாட்டுகளைப் பழகுகிறார்கள். வாலிபர்கள் கேரல் பவனிக்கு எந்தத் தெரு எந்த நாள் என்று பட்டியல் எழுதுகிறார்கள். வீடுகளில் குடில் கட்டுவதற்குக் களிமண்ணும் வைக்கோலும் தேடுகிறார்கள் சிறுபிள்ளைகள். இவை எல்லாம் நமக்குச் சந்தோஷமே.

ஆனால் இந்தச் சந்தோஷத்தின் நடுவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. கர்த்தர் பிறந்த திருநாளில் நாம் பாடும் பாட்டாலும் வாசிக்கும் வாத்தியத்தாலும் யாருக்கு என்ன நன்மை உண்டாகிறது? காதுக்கு இனிமை உண்டாகிறது, சரி. அதற்கு மேல்?

அர்ச். லூக்காஸ் தம் சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்திலே முதல் கிறிஸ்மஸ் இரவைப் பற்றிச் சொல்லும்போது, வானத்துச் சம்மனசுகளின் பாட்டைச் சொல்லுமுன் வேறொரு செய்தியைச் சொல்லிவிடுகிறார். சத்திரத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதே அந்தச் செய்தி. சர்வலோகத்தையும் உண்டாக்கின சர்வேசுரனின் திருமகனுக்கு ஒரு முழ இடம் கொடுக்க அந்த ஊரில் ஆளில்லை. மாட்டுத் தொழுவந்தான் இடம் கொடுத்தது. முதலில் இடம் கிடையாத குறை. அதன் பின்புதான் பாட்டு. ஆகையால் கிறிஸ்மஸ் சங்கீதத்தை அளந்து பார்ப்பதற்கு அந்த இரவே நமக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்திருக்கிறது. நாம் பாடும் பாட்டு, இடமில்லாத ஒருவனுக்கு இடம் கொடுத்ததா, இல்லையா? இதுதான் கேள்வி.

இதை விளக்க ஒரு சரித்திரத்தைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

நம் பங்குப் பிள்ளைகள் சிலர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேலையாயிருக்கிறார்கள். டிசம்பர் மாதத்தில் அவர்கள் இருக்கிற சிறு நகரங்களில் ஊர் வாத்தியக் கோஷ்டி நடத்தும் கிறிஸ்மஸ் கச்சேரிக்குப் போய்வருவது வழக்கம். அந்தக் கோஷ்டியில் இருப்பவர்கள் சங்கீதத்தால் பிழைக்கிறவர்கள் அல்லர். பள்ளிக்கூட ஆசிரியர், வைத்தியர், தபால்காரர், கடைக் கணக்கர், ஓய்வு பெற்ற கிழவர், கல்லூரியில் படிக்கும் பெண் என்று எல்லாரும் கலந்திருப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் மாலையில் பள்ளிக்கூட மண்டபத்திலோ கோவில் மண்டபத்திலோ கூடி ஒத்திகை பார்ப்பார்கள். சம்பளம் கிடையாது. பல ஊர்களில் சம்பளம் வாங்குவதற்குப் பதிலாகத் தாங்களே சந்தா கட்டுகிறார்கள்.

கச்சேரி தொடங்குமுன் ஒரு காரியம் நடக்கும். நம் நாகசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் ஓபோ என்ற ஒரு குழல் உண்டு. அது ஒரே ஒரு ஸ்வரத்தை நீட்டி ஊதும். வயலின்காரரும் புல்லாங்குழல்காரரும் எக்காளக்காரரும் அதைக் கேட்டுத் தங்கள் வாத்தியத்தை அதற்குச் சரியாக்கிக்கொள்வார்கள். தன் வாத்தியம் விலையுயர்ந்தது என்று எவனும் அதற்கு வேறாக வைத்துக்கொள்வதில்லை. பிறகுதான் கச்சேரி.

அந்தக் கச்சேரிகளில் கொரெல்லி என்ற இத்தாலியர் கிறிஸ்மஸ் இரவுக்கென்று எழுதி, அவர் இறந்தபின் 1714-ல் அச்சான வாத்திய இசை வாசிக்கப்படுவதுண்டு. ருஷிய தேசத்துச் சைக்கோவ்ஸ்கியின் நாட்டிய இசையும் உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் அதிகமாக எதிர்பார்க்கப்படுவது ‘மெசையா’ என்ற பெரிய வேத சங்கீதந்தான். அமெரிக்க தேசத்தில் அது முதன்முறையாக முழுவதும் பாடப்பட்டதே 1818-ம் ஆண்டு கிறிஸ்மஸ் நாளன்று, பாஸ்டன் நகரத்தில்.

இதை இயற்றியவர் ஜார்ஜ் பிரடெரிக் ஹாண்டெல். ஜெர்மனி தேசத்தில் 1685-ல் பிறந்தவர். வாலிபத்தில் ரோமாபுரிக்குப் போய், நம் கோவில்களின் வழிபாட்டுக்கென லத்தீன் சங்கீதங்களும் இயற்றியவர். பிறகு லண்டனில் குடியேறினார். 1741-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி மெசையாவை எழுதத் தொடங்கி, செப்டம்பர் 14-ந் தேதி முடித்தார். அப்போது அவருக்கு வயது 56. சார்லஸ் ஜென்னென்ஸ் என்பவர் வேதாகமத்திலிருந்து வசனங்களைத் தெரிந்தெடுத்துக் கோத்துக் கொடுத்தார். இசையாஸ் தீர்க்கதரிசியின் 40-ம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் மக்களைத் தேற்றச் சொல்லும் இடத்தில் பாட்டுத் தொடங்குகிறது. பாலன் பிறப்பு, பாடுகள், உத்தானம் என்று போய், பரலோக மகிமையில் முடிகிறது.

“சுவாமி, ஹாண்டெல் லுத்தரன் சபையைச் சேர்ந்தவராயிற்றே, நம் பங்குத் தாளில் அவர் பேச்சு எதற்கு?” என்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நல்ல சமாரியனைப் பற்றிச் சொன்ன நம் ஆண்டவர், அவன் எந்தக் கோவிலுக்குப் போகிறவன் என்று பார்த்துச் சொல்லவில்லையே! நன்மை எந்த வயலில் விளைந்தாலும் அதன் விதை சர்வேசுரனுடையது.

மெசையா முதன்முதலாகப் பாடப்பட்டது லண்டனில் அல்ல. அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில். 1742-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி, பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை நடுப்பகலில், பிஷாம்பிள் தெருவிலிருந்த சங்கீத மண்டபத்தில் அது நடந்தது. அயர்லாந்தில் நம் சத்திய வேதத்தாரை ஒடுக்குகிற சட்டங்கள் அமுலில் இருந்த காலம் அது. நகரத்தின் இரண்டு ஆங்கிலிக்கன் பெரிய கோவில்களின் பாடகர்களும் சேர்ந்து பாடினார்கள். அர்ச். பத்ரீசியார் பெயரால் விளங்கும் கோவிலின் அதிபர், கல்லிவர் கதையை எழுதிய ஜோனத்தன் ஸ்விப்ட். அந்த மண்டபத்துக்குப் போய்ப் பாடத் தம் பாடகருக்கு அவர் முதலில் உத்தரவு மறுத்தார், பிறகுதான் இணங்கினார். பாடகரை வெளியே அனுப்ப மனமில்லாத கோவில் அதிபர்கள் அக்காலத்திலும் இருந்தார்கள் போலும்!

அந்தக் கச்சேரி எதற்காக நடந்தது தெரியுமா? மூன்று தருமங்களுக்காக. டப்ளினில் ஏழைகளுக்கு வைத்தியம் செய்த இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு இரண்டு பங்கு. மூன்றாவது பங்கு, கடனைக் கட்ட முடியாமல் சிறையில் கிடந்தவர்களை மீட்பதற்கு.

இந்த மூன்றாவதைச் சற்று விளக்க வேண்டும். அக்காலத்துச் சட்டப்படி, கடன் பட்டவன் திருப்பிக் கொடுக்காவிட்டால் கடன் கொடுத்தவன் அவனைச் சிறையில் அடைக்கலாம். கடனைத் தீர்க்கும் வரையில் வெளியே வர முடியாது. உள்ளே இருக்கிறவன் எப்படிச் சம்பாதிப்பான்? சம்பாதிக்காமல் எப்படிக் கட்டுவான்? அது மட்டுமா? சிறையில் தன் சாப்பாட்டுக்கும், சிறைக்காவலனுக்குச் செலுத்த வேண்டிய கட்டணத்துக்கும் அவனே வழி பார்க்க வேண்டும். ஆகவே உள்ளே இருக்க இருக்கக் கடன் ஏறிக்கொண்டே போகும். சிறு தொகைக்காக உள்ளே போனவன் வருஷக்கணக்கில் கிடப்பான். வெளியே பெண்சாதி பிள்ளைகள் பட்டினி. இப்படிப்பட்டவர்களை மீட்கவே டப்ளினில் ஒரு சங்கீத சங்கம் இருந்தது. பாடி வாத்தியம் வாசித்துச் சேர்ந்த பணத்தைக் கொண்டு கடன் தீர்த்துச் சிறைக்கதவைத் திறப்பதே அந்தச் சங்கத்தின் வேலை.

கச்சேரிக்கு முன் அந்தச் சங்கத்தார் ஒரு விண்ணப்பம் வெளியிட்டார்கள். அக்காலத்துச் செல்வப் பெண்கள் பாவாடைக்குள் பெரிய வளையங்களைக் கட்டி, குடை விரித்தாற்போல நடப்பார்கள். ஒருத்தி உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னொருத்திக்கு இடமிராது. கனவான்கள் இடுப்பில் வாளைத் தொங்கவிட்டு வருவார்கள். சீமாட்டிகள் வளையம் கட்டாமல் வரவேண்டும், கனவான்கள் வாளை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும் என்பதே விண்ணப்பம். அப்படி வந்தால் இன்னும் அநேகருக்கு மண்டபத்தில் இடம் உண்டாகும். தருமமும் பெருகும் என்று காரணமும் சொன்னார்கள்.

பிரியமுள்ளவர்களே, இந்தக் காரணத்தைச் சற்று நின்று யோசியுங்கள். ஒரு சீமாட்டி தன் வளையத்தைக் கழற்றி வைக்கிறாள். அவள் அருகில் ஓர் ஆசனம் உண்டாகிறது. அந்த ஆசனத்துக்கு ஒருவர் சீட்டு வாங்குகிறார். அந்தப் பணம் ஒரு கடனாளியின் கணக்கில் சேருகிறது. முன்பின் அறியாத ஒரு மனிதனுக்குக் கதவு திறக்கிறது. வளையத்தைக் கழற்றினவள் அவன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாள். ஆனாலும் அவள் விட்டுக்கொடுத்த ஒரு சாண் இடத்தின் வழியாகத்தானே அவன் வெளியே வந்தான்!

அன்று சுமார் 700 பேர் அந்த மண்டபத்தில் நெருங்கி உட்கார்ந்து கேட்டார்கள். ஹாண்டெல் தமக்குக் கூலி வாங்கவில்லை. முதல் வயலின் வாசித்த டுபோர்கும், பாடகர்களும் பாடகிகளும் கூலி வாங்கவில்லை. ஏறக்குறைய 400 பவுன் சேர்ந்தது. சிறைப்பட்டவர்களுக்குரிய பங்கைக் கொண்டு 142 கடனாளிகள் விடுதலையானார்கள் என்று சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார்கள். ஒரு நாள் நடுப்பகலில் பாடின பாட்டினால் 142 குடும்பங்களில் தகப்பன் வீடு வந்து சேர்ந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல கைதட்டல் எந்தச் சங்கீதத்துக்குக் கிடைக்கும்?

அந்த மண்டபத்தில் இன்னொருத்திக்கும் இடம் கிடைத்தது. சுசானா சிப்பர் என்பவள் லண்டன் நாடக மேடையில் பெயர் பெற்றிருந்தவள். அவள் குடும்ப விஷயம் வழக்குமன்றம் ஏறி, ஊர் வாயில் விழுந்து, பெயர் கெட்டிருந்தது. டப்ளினில் ஹாண்டெல் அவளைப் பாட வைத்தார். நம் ஆண்டவர் மனிதரால் தள்ளப்பட்டுத் துக்கம் அனுபவித்ததை இசையாஸ் 53-ம் அதிகாரத்திலிருந்து அவள் பாடினபோது, கேட்டுக்கொண்டிருந்த டெலானி என்ற ஆங்கிலிக்கன் போதகர் உள்ளம் உருகி எழுந்து, இந்தப் பாட்டின் பொருட்டு உன் பாவங்களெல்லாம் மன்னிக்கப்படுவதாக என்ற கருத்துப்படக் கூவினார் என்று சொல்லப்படுகிறது. பாவங்களை மன்னிக்கும் அதிகாரம் பாட்டுக்கு இல்லை. அதற்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. இருந்தாலும், ஊரார் தள்ளிவைத்த ஒருத்திக்கு மீண்டும் தலைநிமிர்ந்து நிற்க இடம் கொடுத்ததும் அந்தச் சங்கீதம் செய்த நன்மைதானே!

ஹாண்டெல் இதோடு நிற்கவில்லை. லண்டனில் தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் தெருவில் விடப்பட்ட குழந்தைகளுக்காக 1739-ல் ஓர் அனாதை விடுதிக்கு ராஜ உத்தரவு பெற்றிருந்தார். அந்த விடுதியின் கோவிலில் 1750 முதல் மெசையாவை நடத்தி வருமானத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார் ஹாண்டெல். அவருக்குக் கண்பார்வை போயிற்று. அப்போதும் தருமம் நிற்கவில்லை. தம் மரணசாசனத்தில் அந்தச் சங்கீத ஏட்டின் பிரதியொன்றையும் அந்த விடுதிக்கே எழுதிவைத்தார். 1759-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, பெரிய சனிக்கிழமையன்று, உயிர்விட்டார்.

இனி அந்தச் சங்கீதத்துக்குள்ளேயே இடம் கொடுத்தல் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். இடையர்களுக்குச் சம்மனசு தோன்றும் பாகத்துக்கு முன், பாட்டே இல்லாமல் மெல்லிய வாத்திய இசை ஒன்று வருகிறது. ‘பீபா’ என்று அதற்குப் பெயர் எழுதினார் ஹாண்டெல். அது எங்கிருந்து வந்தது? ஆகமன காலத்தில் இத்தாலியின் மலைநாட்டு இடையர்கள் ரோமாபுரிக்கு இறங்கி வந்து, தெருமுனைகளிலிருக்கும் தேவமாதாவின் படங்களுக்கு முன்பாக நின்று, ஆட்டுத்தோல் பையில் காற்றடைத்த குழலை ஊதுவது வழக்கம். நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவது போல, அதில் ஒரு சுருதி அடியில் நின்றுகொண்டேயிருக்கும். அந்த ஏழை இடையரின் குழலோசையைப் பெரிய மண்டபத்தில், சீமான்களின் நடுவில், உட்கார வைத்துவிட்டார் அவர். பெத்லேமில் முதல் இடம் இடையர்களுக்கு. அவருடைய சங்கீதத்திலும் அப்படியே.

அடுத்து எக்காளக்காரர்களைப் பாருங்கள். சம்மனசுகள் பாடும் இடத்தில்தான் எக்காளம் முதன்முதல் கேட்கிறது. அப்போதுங்கூடத் தூரத்திலிருந்து கேட்பது போல, சற்று மெதுவாக ஊதச் சொல்லி எழுதியிருக்கிறார். செம்பு முரசாகிய டிம்பனி வாசிப்பவன் நிலைமை இன்னும் அதிசயம். இரண்டாம் பாகத்தின் கடைசியில் அல்லேலூயா வரும் வரையில் அவனுக்கு வேலையே இல்லை. முழுச் சங்கீதத்தையும் நடத்தினால், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கையில் குச்சியை வைத்துக்கொண்டு அவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா என்றால் தூங்கிக்கொண்டு அல்ல. ஒவ்வொரு பாட்டையும் கவனித்து, தன் நேரத்துக்காகக் காத்துக்கொண்டு. அவன் முந்திக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினால் மற்றவர்களின் பாட்டுக் கெடும். அவன் மௌனம் மற்றவர்களுக்குக் கொடுத்த இடம். ஆகமன காலம் நமக்குக் கற்பிக்கிற பொறுமையும் இதுவே அன்றோ?

இப்போது நம் பங்குக்கு வருவோம்.

முதலாவது, பாடற்குழுவினருக்கு ஒரு வார்த்தை. நடுச்சாமப் பூசையில் யார் தனியாகப் பாடுவது, யார் ஒலிபெருக்கியருகில் நிற்பது என்று முகம் கோணுகிற வழக்கம் நம் பாடற்குழுக்களுக்குப் புதிதல்ல. அர்ச். பத்தாம் பத்திநாத பாப்பரசர் 1903-ம் ஆண்டு, அர்ச். செசீலியம்மாள் திருநாளாகிய நவம்பர் 22-ந் தேதி வெளியிட்ட கட்டளையில், வாத்தியம் பாட்டைத் தாங்க வேண்டுமேயொழிய அமுக்கலாகாது என்று போதித்திருக்கிறார். ஆகையால் கீபோர்டு வாசிக்கிற தம்பி, உன் வாத்தியச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள். பின்வரிசையில் நிற்கும் பாட்டியம்மாளின் நடுங்குகிற குரலுக்கும் அந்தக் கோவிலில் இடம் வேண்டும். நன்றாய்ப் பாடத் தெரிந்த மகளே, இந்த வருஷம் உன் பாட்டில் ஒரு சரணத்தை இன்னொரு பிள்ளைக்கு விட்டுக்கொடு. அது சிறு காரியம். ஆனால் வளையத்தைக் கழற்றுவதும் சிறு காரியமாகத்தான் இருந்தது.

இரண்டாவது, பங்கு மக்கள் எல்லாருக்கும். கிறிஸ்மஸ் இரவில் முன் பெஞ்சில் கைக்குட்டையும் குடையும் போட்டு இடம் பிடிக்கிறோம். தாமதித்து வரும் நம் உறவினர் வசதியாக உட்காருகிறார்கள். நேரத்தோடு வந்த ஏழை, கைக்குழந்தையோடு வாசற்படியில் பனியில் நிற்கிறாள். சத்திரத்தில் இடமில்லை என்று சொன்னவனைப் பற்றி ஒவ்வொரு வருஷமும் நாம் குறை பேசுகிறோம். நம் கைக்குட்டை அந்த வாசற்படியில் நிற்கிறவளுக்குச் சொல்லுவது வேறென்ன? பட்டுப்புடவையின் சரசரப்பும் நகையின் பளபளப்பும் பக்கத்தில் உட்காருகிற ஏழையை ஒதுங்கச் செய்யுமானால், அதுவும் வளையந்தான். ஆண்பிள்ளைகளே, அண்ணன் தம்பிக்குள் வாய்க்கால் வரப்புச் சண்டையை மனதில் கட்டிக்கொண்டு பூசைக்கு வருகிறீர்களே, அதுதான் நீங்கள் இடுப்பில் தொங்கவிட்டிருக்கிற வாள். அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று கூடச் சொல்லமாட்டேன். வருமுன் அதை உடைத்துப் போடுங்கள்.

மூன்றாவது காரியந்தான் முக்கியமானது. கவனமாய்க் கேளுங்கள்.

டப்ளினில் இருந்தது போன்ற கடன்காரர் சிறை இன்று நம் ஊரில் இல்லை என்று நினைக்கிறீர்களா? அதற்குச் சுவரும் காவலனும் இல்லை, அவ்வளவே வித்தியாசம். பிள்ளையின் பிரசவத்துக்கு வட்டிக்கு வாங்கினவள், வட்டி கட்டியே முதலைப் போல இரண்டு பங்கு கட்டிவிட்டாள். முதல் அப்படியே நிற்கிறது. தாலிக்கொடி அடகுக் கடையில் இருக்கிறது; கழுத்தில் மஞ்சள் கயிறு. தையல் மிஷினை விற்றுத் தவணை கட்டினவள், இனி எதைத் தைத்து அடுத்த தவணை கட்டுவாள்? டப்ளின் சிறையின் கணக்கும் இதுவேதான். கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவைகளைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. சட்டம் இருந்தும், வாசலில் வந்து நின்று கத்துகிறவனுக்குப் பயந்து விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற குடும்பங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அவர்கள் வருவதில்லை. ஏன்? கடன் கொடுத்தவர் இதே கோவிலில் முன்வரிசையில் இருக்கிறார். அவர் முகத்தில் விழிக்கக் கூசி, ஆண்டவருடைய சந்நிதியையும் விட்டுவிட்டார்கள்.

வட்டிக்குப் பணம் கொடுத்திருக்கிற சகோதரரே, சகோதரிகளே, உங்களைக் கோபிக்க இதை எழுதவில்லை. உங்கள் ஆத்துமத்தின் மீதுள்ள அக்கறையினால் எழுதுகிறேன். மெசையா பாடப்பட்ட மூன்றாம் வருஷம், 1745-ல், பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்ற பாப்பரசர் அநியாய வட்டியைக் கண்டித்துத் தனி நிருபம் எழுதினார். அண்மையில் காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், 2025-ம் வருஷத்து ஜுபிலியை முன்னிட்டு 2024-ல் எழுதின கட்டளையில், திருப்பிக் கொடுக்க வழியில்லாத ஏழை நாடுகளின் கடன்களை மன்னித்துவிடும்படி செல்வ நாடுகளைக் கேட்டுக்கொண்டார். நாடுகளுக்குச் சொன்னது நமக்குச் செல்லாதா? பரலோக மந்திரத்தில் நாம் நாள்தோறும் மன்னிப்புக் கேட்கிறோம். அர்ச். மத்தேயு எழுதின சுவிசேஷத்தில் அந்த இடத்தில் வரும் கிரேக்கச் சொல்லுக்குக் கடன் என்றே பொருள். முதலை வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் உழைப்பு. ஆனால் முதலுக்கு மேல் வாங்கிக் குவித்த வட்டியையும், இனி வரவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிற வட்டியையும் இந்த ஆகமன காலத்தில் சர்வேசுரன் முன்னிலையில் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். ஒரே ஒரு குடும்பத்தின் சீட்டையாவது கிழித்து, குடிலின் வைக்கோலுக்கு அடியில் வைத்துவிடுங்கள். நீங்கள் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பாலன் சேசுவுக்குத் தெரியும்.

கேரல் பவனி போகிற வாலிபர்களே, வருஷந்தோறும் நீங்கள் சேர்க்கிற பணத்தில் வான் வாடகை, சாப்பாடு, ஒரே நிறச் சட்டை என்று பெரும்பகுதி போய்விடுகிறது. இந்த வருஷம் நடந்தே போவோம். பழைய சட்டையே போதும். சேருகிற காணிக்கையைப் பூட்டிய உண்டியலில் வைத்து, அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் ஒப்புவிப்போம். அவர்கள் இரகசியமாய் விசாரித்து, வட்டியில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தின் அடகுப் பொருளை மீட்டுக் கொடுப்பார்கள். பணம் மிஞ்சினால் இரண்டாவது குடும்பம். பெயர் வெளியிடப்படமாட்டாது, தொகையும் எத்தனை குடும்பம் என்ற கணக்கும் மாத்திரம் இந்தத் தாளில் வரும். நம்மால் 142 பேரை மீட்க முடியாது. ஒருவரை மீட்கலாம். அந்த ஒருவருடைய வீட்டில் விளக்கு எரிந்தால் போதாதா?

நம் ஆண்டவர் நாசரேத்தூர்ச் செபக்கூடத்தில் முதன்முதல் எழுந்து நின்று வாசித்தது என்ன? சிறைப்பட்டோருக்கு விடுதலை அறிவிக்கத் தாம் அனுப்பப்பட்டதாகச் சொல்லும் இசையாஸின் வாக்கியத்தையே. அவர் பிறந்த நாளில் பாட்டுப் பாடுகிற நாம், அவர் வந்த வேலையை விட்டுவிட்டுப் பாட்டை மாத்திரம் வைத்துக்கொள்ளலாமா?

ஆகையால், பிரியமுள்ள பங்கு மக்களே, இந்தக் கிறிஸ்மஸில் நன்றாய்ப் பாடுங்கள். தாளம் தவறாமல் பாடுங்கள். வாத்தியங்களை ஒரே சுருதியில் சேர்த்து வாசியுங்கள். அதோடு ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைக் கழற்றி வைத்து, பக்கத்தில் ஒருவருக்கு இடம் உண்டாக்குங்கள். அந்த இடத்தில் வந்து உட்காருகிறவர் ஏழை வேஷத்தில் வந்த நம் ஆண்டவராகவே இருப்பார்.

சத்திரத்தில் இடமின்றித் தொழுவத்தில் பிறந்த பாலன் சேசுவே, எங்கள் இருதயத்தின் நெருக்கடியை நீக்கியருளும். தேவமாதாவே, அர்ச். சூசையப்பரே, கதவு கதவாய்த் தட்டி அலைந்த உங்களுக்கு எங்கள் பங்கில் ஒரு கதவும் மூடியிராதபடி எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஆமென்.

உங்கள் பங்குக் குருவானவர்